பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு பக்கம்

அந்த ஆங்கிலக் கையேட்டின் அட்டையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் ஏரியில் தனியாகப் படகு வலித்துக்கொண்டிருந்தார். மாரடைப்பு வந்து தேறியவராம். சிவப்புச் சட்டை, பல்லெல்லாம் தெரிகிற சிரிப்பு. எனக்கு அந்த மனிதரை முதல் நாளே பிடிக்கவில்லை. மாரடைப்பு வந்த ஒரு யாழ்ப்பாணத்து மனிதரைத் தனியாகத் தண்ணீருக்குள் விடுவதற்கு எந்த வீட்டில் சம்மதிப்பார்கள்? அவர் குளியலறையில் முழுகப் போனாலே, கதவைப் பூட்டாதேயுங்கோ என்று வெளியில் ஒரு ஆள் காவல் நிற்கும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் ஸ்காபரோவில் இருந்து பஸ் மாறி மாறி ஓர் ஆஸ்பத்திரிக்கு மொழிபெயர்ப்பாளராகப் போய்க்கொண்டிருந்தேன். டொக்டர் சொல்வதைத் தமிழில் சொல்லவேண்டும், எங்கள் ஆட்கள் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்லவேண்டும், அவ்வளவுதான். அந்த ஆஸ்பத்திரியின் இருதயப் பிரிவில், மாரடைப்பு வந்து வீடு திரும்பியவர்களுக்கென்று ஒரு வகுப்பு நடந்தது. மெல்ல மெல்ல நடக்கப் பழக்குவார்கள். எதைச் சாப்பிடலாம், எதற்குப் பயப்படவேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்று சொல்லிக்கொடுப்பார்கள். வெள்ளைக்காரர் ஒழுங்காக வந்தார்கள். ஸ்பானிய மொழி பேசுகிறவர்களும் எங்கள் ஆட்களும் ஒரு தரம் வந்தால் மறு தரம் வருவதில்லை. வகுப்பில் கொடுக்கிற அந்தக் கையேடு விளங்கவில்லைப் போல என்று ஆஸ்பத்திரிக்காரர் நினைத்தார்கள். ஸ்பானிய மொழியில் ஆக்க ஒரு சிலி நாட்டுக்காரியையும், தமிழில் ஆக்க என்னையும் ஒரே மேசையில் எதிரும் புதிருமாக இருத்தினார்கள்.

சிலிக்காரி என்னைவிடச் சில வயது மூத்தவள். அவளும் ஒரு பெட்டியோடு நாட்டை விட்டு ஓடி வந்தவள்தான். வாய் கொஞ்சம் நீளம். கையேட்டைப் பக்கம் பக்கமாகத் திருப்பித் தன் பாஷையில் ஏதோ சொல்லித் திட்டுவாள். அர்த்தம் கேட்டால் சொல்லமாட்டாள், சிரிப்பாள். சாப்பாட்டுப் பக்கம்தான் அவளைப் போட்டு வாட்டியது. பன்றி இறைச்சியை எடுத்துவிட்டுத் தன் ஊர்ச் சாப்பாடுகளைப் போட்டாள். எல் சல்வடோரில் இருந்து வந்த ஒரு நோயாளி அதைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் எங்கள் வீட்டில் சமைக்கிறதே இல்லை என்று சொல்லிவிட்டார். அவருக்கு ஏற்றபடி மாற்றினால் எக்குவடோர்க்காரர் உதட்டைப் பிதுக்கினார். ஒரு மொழிதான், ஆனால் பத்து அடுப்பு என்று அவள் தலையில் கை வைத்தாள்.

என் பாடு அதைவிட லேசாக இருக்கும் என்று நினைத்தேன். சோறு, கறி, சொதி, தேங்காய்ப் பால், கருவாடு. எல்லாம் எனக்குத் தெரிந்த அடுப்புத்தானே. வகுப்பின் பெயரை மட்டும் எப்படி எழுதுவது என்று யோசித்துவிட்டு, இருதயப் புனர்வாழ்வு என்று போட்டேன். அதை வாசித்த முதல் ஆளே, அங்கே வந்தால் என்ன குடுப்பினம் என்று கேட்டார். புனர்வாழ்வு என்றால் எங்கள் சனத்துக்கு அகதி முகாமும் நிவாரண அரிசியும். சரி போ என்று அந்தச் சொல்லை வெட்டிவிட்டு, மாரடைப்புக்குப் பிறகு மறுபடி நடமாட என்று எழுதினேன். என் தமிழை நினைத்து எனக்கே கொஞ்சம் புழுகமாக, பெருமையாகத்தான் இருந்தது.

பனி கொட்டின அந்த மாரிகாலத்தில்தான் அத்தானுக்கு நெஞ்சு நோ வந்தது. அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். மோர்னிங்சைட் பக்கம் ஒரு பெரிய அப்பாட்மென்ற் கட்டடத்தில் இருந்தார்கள். மனிதர் தொழிற்சாலையில் நின்றபடியே வேலை செய்துவிட்டு வந்து, சனிக்கிழமைகளில் வீடு அதிரச் சீட்டுக் கடுதாசி விளையாடுவார். தோற்றால் சண்டை, வென்றால் அதைவிடப் பெரிய சண்டை. அப்படிப்பட்டவர் வேலையிடத்தில் சுருண்டு விழுந்தார் என்று செய்தி வந்தது. நல்ல காலம், இருதயக் குழாய் அடைப்பைப் பலூன் விட்டு எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் தெளிவாகச் சொன்னார். நானேதான் அதைத் தமிழில் சொன்னேன். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கவேண்டும், வகுப்புக்கு வரவேண்டும், படுத்தே கிடந்தால் இருதயம் இன்னும் பழுதாகும், இன்னொன்று வந்தால் இந்த மாதிரித் தப்புவது கஷ்டம். அக்காவும் அத்தானும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள்.

வீட்டுக்குப் போனதும் அக்கா ஹோலில் கதவைப் பார்த்தபடி ஒரு கட்டிலைப் போட்டாள். அறைக்குள் அல்ல, ஹோலில். ஏனென்றால் சனம் பார்க்க வரும்.

வருத்தக்காரரைப் பார்க்கப் போகாமல் விடுவது எங்கள் ஆட்களிடம் லேசுப்பட்ட குற்றம் இல்லை. கலியாணத்துக்குப் போகாவிட்டால் மன்னிப்பார்கள், இதற்கு மன்னிக்கமாட்டார்கள். வேலை முடிந்து, பனிக்குள் கார் ஓட்டி, ஸ்ரௌவ்வில்லில் இருந்துகூட வந்தார்கள். பார்க்டேலில் முந்தி ஒரே அறையில் இருந்த பழைய கூட்டாளிகள் வந்தார்கள். குலை குலையாக முந்திரிகைப் பழம், பிஸ்கற், பாலில் கலக்கிற மோல்ற் மா ரின், எண்ணெயில் பொரித்த மட்டன் ரோல்ஸ் ஒரு பெரிய பெட்டி. சப்பாத்தைக் கழற்றி, கோட்டைக் கழற்றி, கட்டிலைச் சுற்றிக் கதிரை போட்டு இருப்பார்கள். அக்கா தேநீர் கொடுப்பாள். பிறகு ஒவ்வொருவராகத் தங்களுக்குத் தெரிந்த மாரடைப்புக் கதையைத் தொடங்குவார்கள். நல்லாத்தான் இருந்தவர், படியேறினார், அவ்வளவுதான். இன்னொருவர், பல் தீட்டிக்கொண்டு நின்றவர், அப்படியே போய்விட்டார். அத்தான் குரங்குத் தொப்பியோடு தலையணையில் சாய்ந்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடப்பார். தப்பித் தவறி எழும்பினால் நாலு பேர் ஒரே குரலில் படுங்கோ படுங்கோ என்பார்கள். அன்பு, அன்பு, அவ்வளவும் அன்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீடு அதிரச் சண்டை பிடித்த மனிதர், தண்ணீர் குடிக்கவும் அக்காவைக் கூப்பிட்டார். கழிவறைக்குப் போகும்போது சுவரைத் தொட்டுத் தொட்டுப் போனார். வகுப்புக்கு ஒரு நாள்கூடப் போகவில்லை. ஒரு நாள் பனி, ஒரு நாள் செவ்வாய்க்கிழமை, ஒரு நாள் ஆரோ வருவதாகச் சொல்லியிருக்கினம். வகுப்பை நடத்தின தாதி நல்ல மனுசி. ஆனாலும், காத்திருக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், இந்த மாதம் வராவிட்டால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுக்கவேண்டி வரும் என்று எனக்குச் சொல்லிவிட்டாள். எனக்குப் பயம் பிடித்தது. இந்த மனிதர் கட்டிலிலேயே கிடந்து, எங்கள் எல்லோருடைய கண்ணுக்கும் முன்னால் மெல்ல மெல்லச் சாகப்போகிறார் என்று பயந்தேன்.

அச்சான கையோடு என் தமிழ்க் கையேட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தான் கண்ணாடி போட்டு முழுவதையும் வாசித்தார். நல்லாய் எழுதியிருக்கிறாய் என்றார். அக்கா அதை வாங்கிப் பிளாஸ்ரிக் உறை போட்டு, சாமித் தட்டில் முருகனுக்குப் பக்கத்தில் வைத்து, மூலையில் திருநீறும் பூசிவிட்டாள். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினாள். தங்கச்சி எழுதினது. அவர்களும் புரட்டிப் பார்த்து, நல்ல தமிழ், நல்ல தமிழ் என்று சொல்லி, ரோல்ஸ் பிடித்த கை படாமல் பக்குவமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். நடக்கவேண்டும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த அந்தப் பக்கத்தைப் பார்த்தபடியே, நீங்கள் படுங்கோ அண்ணை என்றார் ஒருவர். அன்றைக்கு நான் தேநீரும் குடியாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் சிலிக்காரியிடம் கொட்டித் தீர்த்தேன். மொழிபெயர்த்தது விசர் வேலை, எங்கள் சனம் திருந்தாது, எல்லாவற்றையும் கிழித்துப் போடலாம். அவள் சிரித்தாள். தன் கையேட்டையும் ஒரு வீட்டில் மாதா சுரூபத்துக்குக் கீழே வைத்திருக்கிறார்கள் என்றாள். அவளுடைய ஆட்களிலும் ஆண்கள்தான் நோயாளிகள், ஆனால் அவர்களைக் கட்டிலில் வைத்திருந்தது மனைவிமார். அதனால் அவள் தாதியோடு கதைத்து மனைவிமாரையும் வகுப்புக்குக் கூப்பிட்டாள். கணவன் நடக்கும்போது பக்கத்தில் நின்று நாடி பிடித்துப் பார்க்கப் பழக்கினாள். அப்போதுதான் அந்தப் பெண்களுக்குக் கொஞ்சம் பயம் விட்டதாம். நாங்கள் இரண்டு பேரும் நோயாளிக்கு எழுதினோம், நோயாளியா அந்த வீட்டில் முடிவெடுக்கிறவன் என்று கேட்டாள். பிறகு, உன் அக்கா வீட்டில் ஆர் சொல்வது நடக்கிறது என்றாள்.

அக்கா சொல்வது என்று வாயெடுத்துவிட்டு நிறுத்தினேன். அக்கா இல்லை. பார்க்க வருகிறவர்கள். அந்த வீட்டில் சட்டம் வைக்கிறது அவர்கள்தான். அவர்கள் முன்னால் கணவனை நடக்க விட்டால், மனிசனைக் கவனிக்கத் தெரியாதவள் என்று பெயர் வந்துவிடும். அதுதான் அக்காவின் பயத்தில் பாதி. இது எனக்கு இவ்வளவு நாளும் விளங்காமல் போனதே என்று என் நெற்றியில் நானே அடித்துக்கொண்டேன்.

அந்த மேசையிலேயே இருந்து ஒரு பக்கம் எழுதினேன். ஆங்கிலத்தில் இல்லாத பக்கம். தலைப்பு: நோயாளியைப் பார்க்க வருகிறவர்களுக்கு. நீங்கள் வந்தது பெரிய உதவி. கோட்டையும் சப்பாத்தையும் கழற்றாதீர்கள். டொக்டர் இவரை நடக்கச் சொல்லியிருக்கிறார். இவரைக் கூட்டிக்கொண்டு மெல்ல நடவுங்கள். செத்தவர்களின் கதை சொல்லவேண்டாம். திரும்பி வந்து தேநீர் குடியுங்கள். கடைசியில், ரோல்ஸ் கொண்டுவரவேண்டாம். தாதிக்கு ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, நடக்கும்போது கதைக்க முடியாமல் மூச்சு வாங்கினால் நிற்கவேண்டும், நெஞ்சு நோ வந்தால் உடனே அம்புலன்ஸைக் கூப்பிடவேண்டும் என்று இரண்டு வரி சேர்க்கச் சொன்னாள்.

அந்தத் தாளை அக்காவிடம் கொண்டுபோனேன். குசினிக்குள் நின்றபடி வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவளுடைய முகம் சிவந்தது.

"வாற சனத்தை வாசல்லையே நிப்பாட்டி, போய் நடவுங்கோ எண்டு சொல்லுறதோ? ஆராவது பிறகு இந்த வீட்டுப் படி மிதிக்குமோ?"

சனம் வராவிட்டால் போகட்டும், அத்தான் பிழைக்கட்டும் என்று நானும் குரலை உயர்த்தினேன். எனக்கும் அவளுக்கும் ஒரே வாய், ஒரே கோபம். சட்டியைப் படாரென்று வைத்தாள்.

"உனக்கென்ன, எழுதித் தந்திட்டு பஸ் ஏறிப் போயிடுவாய். நடந்து போகேக்கை இந்த மனிசன் விழுந்தா? நான் ஆரிட்டைப் போறது? எனக்கு ஆர் இருக்கினம்?"

சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். இரவில் அவர் மூச்சு விடுகிறாரா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பதாகச் சொன்னாள். என் கோபம் எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். தாளைக் குசினி மேசையில் விட்டுவிட்டு ஹோலுக்குப் போனேன்.

அத்தான் விழித்திருந்தார். எங்கள் சண்டை முழுவதும் கேட்டிருக்கும். பக்கத்தில் இருக்கச் சொன்னார். பிறகு, கூரையைப் பார்த்துக்கொண்டு, எந்தக் கோபமும் இல்லாமல் சொன்னார்.

"செத்தவீட்டிலைதான் பிள்ளை, நடுஹோலிலை கிடத்திச் சுத்திவரக் கதிரை போட்டுச் சனம் இருக்கிறது. நான் செத்திட்டன் எண்டுதான் எல்லாரும் வந்து பாத்திட்டுப் போகினம். எனக்கு மட்டுந்தான் தெரியேல்லை."

நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா குசினி வாசலில் தேநீர்க் கோப்பையோடு நின்றாள். அவளும் கேட்டுவிட்டாள். கோப்பையை அவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த நாள் வேலை முடிந்து போனபோது அந்தத் தாள் வீட்டுக் கதவின் வெளிப்பக்கத்தில் ஒட்டியிருந்தது. கடைசி வரியைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டி எடுத்திருந்தாள். சனம் ஆசையாகக் கொண்டுவருவதை வேண்டாம் என்று சொல்கிற அளவுக்கு நாங்கள் இன்னும் கெட்டுப்போகவில்லை என்றாள். ஹோலில் கட்டிலைக் காணவில்லை. அது அறைக்குள் போயிருந்தது. அத்தான் கோட்டும் சப்பாத்தும் தொப்பியும் போட்டு, சோபாவின் ஓரத்தில், பாஸ்போட் கந்தோரில் காத்திருக்கிற ஆள் போல இருந்தார். முகத்தில் பயம் அப்படியே இருந்தது.

முதலில் வந்தவர் அத்தானின் கடுதாசிக் கூட்டாளி. மன்னார்க்காரர், பீற்சாக் கடையில் வேலை, குரல் வெண்கலக் கடை. பல் தீட்டினபடியே செத்தவரின் கதையைச் சொன்னதும் அவர்தான். கதவுக்கு வெளியில் நின்று தாளை முழுவதும் உரத்து வாசிக்கிறது உள்ளே கேட்டது. அக்கா குசினி வாசலுக்கு வந்து நின்றாள். அவர் கதவைத் திறந்தார், பழப் பையை நிலத்தில் வைத்தார், அத்தானைப் பார்த்தார்.

"வா மச்சான், நடப்பம். எனக்கும்தான் வண்டி வைச்சிட்டுது." தன் தொப்பையைத் தட்டிக் காட்டினார்.

வெளியில் குளிர் கொன்றுகொண்டிருந்தது. அதனால் கட்டடத்துக்குள்ளேயே, அந்த மாடியின் நீண்ட கொரிடோரில் நடந்தார்கள். அத்தான் நடுவில். கூட்டாளி ஒரு பக்கம், நான் மறு பக்கம். பின்னால் அக்கா, பிளாஸ்ரிக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். விழுந்தால் இருத்துவதற்காம். சாமி வீதி வலம் வருவது போலத்தான் இருந்தது. கதவுகள் திறந்தன. யாருடைய வீட்டிலோ மீன் பொரிந்தது. ஒரு பிலிப்பீன்ஸ்காரி எங்களுக்குக் கையசைத்தாள். லிஃப்ட் வரை போய்த் திரும்பினோம். வீட்டு வாசலுக்கு வந்ததும் அத்தான் நெஞ்சில் கை வைத்து நின்றார். அக்கா கதிரையைப் போட்டாள். நோவில்லை, அது அடிக்கிற சத்தத்தைக் கேட்கிறேன் என்றார் அவர். கனநாளைக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு சிரிப்பைக் கண்டேன். நான் குளியலறைக்குள் போய்ப் பைப்பைத் திறந்துவிட்டு அழுதேன்.

யாரும் கோபிக்கவில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், வருகிற சனம் கூடியது. சும்மா இருந்து என்ன கதைப்பது என்று தெரியாமல்தான் அவர்களும் செத்த கதைகளைச் சொல்லியிருக்கிறார்கள் போல. நடக்கும்போது வேலை, வீட்டு விலை, பிள்ளைகளின் படிப்பு என்று வேறு கதைகள் வந்தன. பெண்களும் வந்தார்கள். அக்கா கதிரையைத் தூக்குகிறாள் என்று யாரோ வாங்கித் தூக்கினார்கள். பிறகு ஒரு நாள் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். நடந்தவர்களுக்குத்தான் தேநீர் என்று அக்கா சட்டம் போட்டாள். ரோல்ஸ் பெட்டி வந்தபடியே வந்தது, அதை நடந்து களைத்தவர்களே தின்று முடித்தார்கள். அத்தான் ஒன்றுக்குக் கை நீட்டினால் மன்னார்க்காரர் கையில் ஒரு தட்டுத் தட்டுவார்.

மாதம் முடிய முதல் அத்தான் வகுப்புக்குப் போனார். அக்காவும் போனாள், நாடி பிடிக்கப் பழகினாள். தாதி எண்ணுவதற்குள் அவள் எண்ணிவிடுவாள். தமிழ்க் கையேட்டை மறுபடி அச்சடித்தபோது அந்தப் பக்கத்தை முதல் பக்கமாக வைத்தார்கள். சிலிக்காரி அதை வாங்கித் தன் பாஷைக்குக் கொண்டுபோனாள். அவளுடைய ஆட்களின் வீடுகளுக்கு ஞாயிறு பூசை முடிந்துதான் கூட்டமாக வருவார்களாம். அதற்கேற்றபடி மாற்றினாள். அந்த ஆஸ்பத்திரியில் தமிழில் எழுதி ஸ்பானிய மொழிக்குப் போன முதல் பக்கம் இதுதான் என்று அவள் என்னைக் கட்டிப்பிடித்தபோது எனக்குச் சிரிப்பும் பெருமையும் தாங்கவில்லை. அட்டையில் இருந்த படகுக்காரக் கிழவரை மட்டும் எங்களால் மாற்ற முடியவில்லை. படத்துக்குப் பொறுப்பு வேறு பகுதியாம்.

பனி கரைந்த பிறகு, அதே கட்டடத்தில் கீழ் மாடி ஒன்றில் இருந்த ஒருவருக்கு மாரடைப்பு வந்து, ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்தார். நாற்பதுகூட ஆகாத மனிதர். அக்காவும் அத்தானும் பார்க்கப் போனார்கள், நானும் போனேன். அங்கேயும் ஹோலில்தான் கட்டில். சுற்றிவரக் கதிரைகள், சனம். அத்தான் சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நின்று, தம்பி, டொக்டர் நடக்கச் சொன்னவரோ என்று கேட்டார். அவர் ஓம் என்று தலையாட்டினார். அப்ப சப்பாத்தைப் போடும் என்றார் அத்தான். அந்த மனிதருடைய மனைவி, சின்னப் பெண், ஓடி வந்து கட்டிலுக்கு முன்னால் நின்றாள். அவரால் ஏலாது அங்கிள், விழுந்தால் நான் என்ன செய்வேன் என்றாள்.

நான் வாயைத் திறக்க முதல் அக்கா போய் அவளுடைய கையைப் பிடித்தாள்.

"பயமாத்தான் இருக்கும் பிள்ளை. எனக்கு இண்டைக்கும் பயம். ஒவ்வொரு நாளும் இவர் வெளிக்கிடேக்கை பயம். அந்தப் பயத்தை நாங்கள் வைச்சிருப்பம், அவையள் நடக்கட்டும்."

அந்தப் பெண் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து, கட்டிலுக்குக் கீழே கிடந்த சப்பாத்துகளை இழுத்து எடுத்தாள்.